மாடி அறைக்கு எந்தத் துணி

வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும் முன்பே ஒன்று புரிந்துவிடும்: பேரத்தில் முதலில் வாயைத் திறக்கக் கூடாது. திரைத்துணிக் கடைக்காரர் அப்படி வளர்ந்தவர். அவர் மனைவியும் அப்படித்தான். ஆகவே கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும், பிள்ளை வேண்டுமா என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவள் சொல்லட்டும் என்று அவர் இருந்தார். அவர் கேட்கட்டும் என்று அவள் இருந்தாள். இருவரும் கெட்டிக்காரர்கள், என்ன செய்வது.

அதற்கும் சேர்த்துத் தெரு பேசியது. "கடைக்கு வாரிசு வேணாமாய்யா?" என்பார் எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர். அவர் வாரிசு அப்பா பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்பது வேறு கதை. நாலு பெற்ற தையல்காரி மட்டும், "அவசரப்படாதீங்கக்கா. சூடா சாப்பிட முடியிற வரைக்கும் சாப்பிட்டுக்குங்க" என்பாள்.

ஊர் வாயை அடைக்க ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். "பிள்ளைகுட்டின்னு ஆயிட்டா தொழில் படுத்துடும்" என்று கண்ணாடிக்காரரிடம் அவர் சொன்னது, உள்ளே கொக்கி கோத்துக்கொண்டிருந்த அவள் காதில் விழுந்தது. "கடைதான் எங்க குழந்தை" என்று தையல்காரியிடம் அவள் சிரித்தது, ஏணிமேல் நின்றிருந்த அவருக்குக் கேட்டது. பக்கத்துக் கடையில் இதே துணி பாதி விலை என்று யாராவது சொன்னால் ஒரு எழுத்தைக்கூட நம்பாதவர்கள், இதை மட்டும் அப்படியே நம்பிவிட்டார்கள்.

அவளுக்கு முப்பத்தாறு முடிந்திருந்தது.

ஒரு நாள் காலையில் அவருடைய அக்கா வந்தாள். வந்ததும் நேராக விஷயம்தான். "என் பொண்ணுக்கு இங்கதான் காலேஜ் கிடைச்சிருக்கு. உங்க மாடி ரூம் சும்மாதானே கிடக்கு? நாலு வருஷம் இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு இனிமே எதுக்கு அது?"

அந்த 'இனிமே' கடைக்கு நடுவில் பொத்தென்று விழுந்தது.

"அளந்துட்டு வந்து சொல்றோம்க்கா" என்றார் அவர். அளப்பதற்கு அங்கே என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கையில் நாடா இருந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும்; தொழில் தெரிந்தவர்கள் செய்வதுதான்.

மாடி அறையில் பழைய துணி மாதிரிப் புத்தகங்களும் முறிந்த திரைக்கம்பிகளும் கிடந்தன. கிழக்குப் பார்த்த ஒற்றை ஜன்னல். நாடாவின் ஒரு முனையை அவள் மேலே பிடித்தாள், மறுமுனையை அவர் தரையருகே பிடித்தார்.

"எந்தத் துணி போடலாம்?" என்றாள் அவள், வாடிக்கையாளரைக் கேட்கிற குரலில்.

"கனமானது. உள்துணி வச்சுத் தைக்கணும். வெளிச்சம் துளி வரக் கூடாது."

"படிக்கிற பொண்ணுக்கு எதுக்கு இருட்டு?"

"பகல்ல தூங்கணும்ல."

"யாரு?"

அவர் குனிந்தபடியே இருந்தார். காது மட்டும் சிவந்தது. ஒன்பது வருடம் கட்டிக் காத்ததை ஒரு ஜன்னல் கேட்டு வாங்கிவிட்டது.

அவர் இனி பேசமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. நாடாவை விட்டாள்.

"எனக்கு வேணுங்க" என்றாள். "ரொம்ப நாளா. பயமாவும் இருக்கு. எங்கம்மா அஞ்சு பெத்துட்டு, அதுக்கப்புறம் அவங்களுக்குன்னு ஒரு நாள்கூட உக்காரல. தொழில் படுத்துடும்னு நீங்க சொன்னதும், உங்களுக்கு வேணாம்போலன்னு விட்டுட்டேன்."

"அது அந்தக் கண்ணாடிக்காரனுக்குச் சொன்னதுடி! அவன்கிட்ட யாராவது உண்மை சொல்வாங்களா?"

"என்கிட்ட?"

அவர் எழுந்தார். முழங்காலில் தூசி. "நீ வேணாம்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சுதேன்னுதான்... கேக்காம இருந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரத்தில் இறங்கினாள். "காலையில கடைய நான்தான் திறப்பேன். பிள்ளை உங்ககிட்ட."

"சரி."

"ராத்திரி அழுதா முறை போட்டு எழுந்திரிக்கணும்."

"சரி."

"ஒண்ணுதான். உங்கக்கா கேட்டாலும் ஒண்ணுதான்."

"சரின்னேன்ல."

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "என்ன, ஒண்ணுக்குமே பேரம் பேசமாட்டேங்கிறீங்க?"

"இந்தச் சரக்கு கைவிட்டுப் போயிடுமோன்னு இருக்கு."

கீழே கிடந்த நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "இந்த வயசுல... வராமலே போனா?" என்றாள்.

"அதையும் சேர்ந்தே பாப்போம். இத்தனை வருஷம் தனித்தனியா பயந்தது போதும்."

கீழே அக்கா துணிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன முடிவு?"

"ரூம் தர முடியாது அண்ணி" என்றாள் அவள். "எங்களுக்குக் குழந்தை வேணும்னு இருக்கு. வருமான்னு தெரியாது. ஆனா வேணும்."

வெளியாள் முன்னால் உள்ளதை உள்ளபடி சொன்னது அவளுக்கு அதுவே முதல் தடவை. அக்கா துணியை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபப்படப் போகிறாள் என்று இருவரும் நினைத்தார்கள்.

"மூத்தவள மாமியாருக்காகப் பெத்தேன்" என்றாள் அக்கா. "சின்னவன, மூத்தவளுக்குத் துணை வேணும்னு எல்லாரும் சொன்னதுக்காகப் பெத்தேன். ரெண்டும் என் உசுருதான், இல்லேங்கல. ஆனா உனக்கு வேணுமான்னு ஒருத்தரும் என்னைக் கேக்கல. நானும்தான் இன்னிக்கு உங்களக் கேக்காமலே பேசிட்டேன்."

பிறகு எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டினாள். "ஹாஸ்டல் பாத்துக்கறேன். டாக்டர்கிட்ட எப்போ போறீங்க? தனியாப் போகணும்னா போங்க. துணைக்கு வேணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, வாசல்ல உக்காந்திருக்கேன். வாயத் திறக்கமாட்டேன்."

"நீயாக்கா?" என்றார் தம்பி.

"முயற்சி பண்றேன்டா" என்றாள் அக்கா. நாத்தனாரைப் போல இல்லாமல், கூடப் பிறந்தவளைப் போலத் தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.