மூன்றாவது டிஸ்க்

‘பேச்சிப்பட்டி பாசஞ்சர்’ படத்தைத் தமிழ்நாட்டில் மொத்தம் நாற்பது பேர் பார்த்திருப்பார்கள். அதிலும் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அந்தமானில் கதையே வேறு. போர்ட் பிளேரிலிருந்து லாங் ஐலண்ட் போகும் எங்கள் கப்பலில், ஹேவ்லாக்கில் சுற்றுலாக்காரர்கள் இறங்கியதும், பல வருடங்களாக ஓடிய ஒரே படம் அதுதான். வேறு படம் கப்பலில் இல்லை. ஆகவே இங்கே அது காவியம்.

ரயிலே இல்லாத தீவில் ரயில் படத்துக்கு ரசிகர் மன்றம் வைத்தவன் நான். பெயர் பிரவீன்குமார். சொந்த ஊர் லாங் ஐலண்ட். வேலை போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியின் டிக்கெட் கவுண்டரில். டிக்கெட் இல்லை என்று சொல்வது உத்தியோகம். அபிப்பிராயம் சொல்வது வாழ்க்கை.

படத்தின் கதை சின்னது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணுக்காகக் காத்திருக்கிறான். கடைசியில் சாயங்கால வண்டி வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. கொலுசு போட்ட கால் ஒன்று படியில் இறங்குகிறது. அவ்வளவுதான், டிவி நீலமாகிவிடும். கப்பல் உதவியாளர் சுதாகர், “லாங் ஐலண்ட்! சலோ சலோ, சாமான் லேலோ!” என்று கத்துவார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்குவோம்.

வந்தது அவள்தானா? அதைச் சொல்லாமல் நிறுத்தினாரே இயக்குநர், அதுவல்லவா கலை என்று தமிழ்ச் சங்க மலரில் ஆறு பக்கம் எழுதினேன். அதை முழுதாகப் படித்தது ஒரே ஒருத்தி. லாங் ஐலண்ட் பள்ளிக்கூட டீச்சர் சுகிர்தா. படித்த கையோடு கவுண்டருக்கே வந்துவிட்டாள்.

“எழுதினது நீங்களா?”

“ஆமா டீச்சர்.”

“இறங்கினது அவ இல்ல. வேற யாரோ.”

“அவதான் டீச்சர். அந்தக் காலைப் பாருங்க, எவ்ளோ தயக்கம்!”

“கால்ல என்னங்க தயக்கம்? படி உயரமா இருந்திருக்கும்.”

பின்னால் வரிசையில் நின்ற பெங்காலிக்காரர், “பாய்சாப், டிக்கெட் மிலேகா கி நஹீ?” என்று, டிக்கெட் கிடைக்குமா கிடைக்காதா என்றார். அன்று தொடங்கிய விவாதம். அவள் போர்ட் பிளேர் வரும்போதெல்லாம் அபர்டீன் பஜாரில் டீ குடித்தபடி அதையே பேசுவோம். நடுநடுவே எனக்குப் பிடித்த மற்றவற்றையும் சொல்வேன். உலகத்தின் சிறந்த நாவல் எங்கள் நூலகத்தில் கடைசிப் பக்கங்கள் கிழிந்து கிடப்பது. சிறந்த பாட்டு, அப்பாவின் கேசட்டில் இரண்டாவது சரணத்தில் டேப் தீர்ந்துபோவது.

ஒருநாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஒண்ணு கவனிச்சீங்களா? உங்களுக்குப் பிடிச்சதெல்லாம் பாதியில நிக்குது” என்றாள்.

“முடியாததுலதான் டீச்சர் அழகு.”

“அழகு இல்ல, பயம்” என்றாள். நான் வடை சொல்லப் போய்விட்டேன்.

அவள் சொன்னது சரி. டீச்சர், உங்களைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்ற ஒரு வரியை நானும் வருடக்கணக்காகப் படியில் நிறுத்தி வைத்திருந்தேன். கேட்டு, மாட்டேன் என்றுவிட்டால் டீயும் போய்விடும். கேட்காதவரை டீயாவது மிஞ்சும்.

இந்த நேரத்தில்தான் அவளுக்குத் திருநெல்வேலியில் நிரந்தர வேலைக்கு ஆர்டர் வந்தது. வெள்ளிக்கிழமை மெயின்லேண்ட் கப்பல். அதே வாரம், பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கும் என் நண்பன் குணா ஓடிவந்தான். “பாய், நம்ம படத்தை எவனோ நெட்ல ஏத்தியிருக்கான்! ஆனா ரெண்டே முக்கால் மணி நேரம் காட்டுது, கப்பல்ல ரெண்டு மணி நேரம்தானே.”

“விளம்பரம் சேர்த்திருப்பான்டா.”

ஞாயிறு மத்தியானம் அவன் கடை மாடியில் மன்றத்தின் சிறப்புக் காட்சி. சுகிர்தாவும் வந்தாள். படம் முடிந்ததும் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். அந்தக் கால் இறங்கும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் தைரியம் வரும்.

வண்டி வந்தது. கதவு திறந்தது. கால் இறங்கியது. லாங் ஐலண்ட்காரர்கள் மொத்தமும் பழக்கதோஷத்தில் எழுந்து பைகளைத் தேடினார்கள். முன்வரிசையில் இருந்த மருதாயி அக்கா செருப்பே மாட்டிக்கொண்டாள்.

திரை நீலமாகவில்லை.

காலுக்கு மேலே சேலை வந்தது. சேலைக்கு மேலே மீசை வந்தது. பெண் வேஷம் போட்ட காமெடியன். அவன் பின்னால் ஆறு அடியாட்கள். ரயில் கூரைமேல் சண்டை. ஸ்டேஷன் மாஸ்டருக்கு இரட்டைச் சகோதரன். பனிமலையில் ஒரு பாட்டு. எங்கிருந்தோ வந்து சேர்ந்த கதாநாயகி. மாலை, குரூப் போட்டோ, சுபம்.

சுவரோரம் நின்ற சுதாகர் தலையைச் சொறிந்தார். “டப்பாவில மூணு டிஸ்க் வைக்க இடம் இருந்துச்சு சார். எங்கிட்ட வந்தது ரெண்டுதான். மூணாவது ஸ்பேர்க்குன்னு நினைச்சேன்.”

படம் முடிந்ததும் கப்பல் கரை சேர்கிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தோம். சுதாகர் கரை சேரும் நேரத்தைக் கணக்குப் போட்டு டிஸ்க்கைப் போடுகிறார் என்பதோ, டிஸ்க் தீர்ந்தால் டிவி நீலமாகும் என்பதோ ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த நீலத்துக்குத்தான் நான் ஆறு பக்கம் எழுதினேன்.

“யேய் பிரவீன், இதுக்காடா சந்தா வாங்கின?” என்றாள் மருதாயி அக்கா. “அந்த மீசைக்காரன் காலையா நான் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்?”

மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன்; வேறு வழி? பிறகு பின்படி வழியாகத் தெருவில் இறங்கி ஆட்டோ ஸ்டாண்ட் பக்கம் நின்றேன். தைரியம் தர வேண்டிய கால் காமெடியனுடையதாகிவிட்டது. இனி எதை நம்பிக் கேட்பது?

சுகிர்தா வந்தாள். “ஜெயிச்சது நான். வேற யாரோன்னு அன்னைக்கே சொன்னேன்.”

“ஒத்துக்கறேன் டீச்சர்.”

“மட்டமான முடிவு, இல்ல?”

“மகா மட்டம்.”

“ஆனா ஒண்ணும் குடிமுழுகிடலையே. எல்லாரும் மேல உட்கார்ந்து சமோசா சாப்பிடறாங்க.”

மாடியைப் பார்த்தேன். வாஸ்தவம்தான். காவியம் செத்துப்போன வீட்டில் சட்னி கேட்டு சண்டை நடந்துகொண்டிருந்தது. இவ்வளவுதானா ஒரு மோசமான முடிவு? இதற்கா இத்தனை வருடம் பயந்தேன்?

“டீச்சர், நீங்க திருநெல்வேலி போறதைப் பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு. அதாவது பொதுவா மெயின்லேண்ட் வாழ்க்கைங்கிறது...”

“பிரவீன். அபிப்பிராயம் வேணாம். கேட்க வந்ததைக் கேளுங்க.”

கேட்டேன். ஒரே வரி. நடுவில் நிற்காமல் முற்றுப்புள்ளி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். “வேலையை விட மாட்டேன். வெள்ளிக்கிழமை கிளம்பத்தான் போறேன்.”

“போங்க. போகவேண்டாம்னு நான் சொல்லலையே.”

“நீங்க அங்க வர்றதா, நான் டிரான்ஸ்ஃபர் கேட்கறதான்னு அப்புறம் சண்டை போடலாம். முதல்ல அப்பாகிட்ட பேசுங்க.”

“பேசறேன். நல்ல நாள் பார்த்து...”

அவள் அதற்குள் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை என் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டாள்.

“வணக்கம் அங்கிள். நான் பிரவீன்குமார், ஃபீனிக்ஸ் பே டிக்கெட் கவுண்டர்...”

“ஐயையோ, சொல்லு தம்பி! வெள்ளிக்கிழமைக் கப்பல் கேன்சலா?”

“இல்லைங்க அங்கிள்,” என்றேன். “கேன்சல் எதுவும் இல்லை. இது வேற விஷயம்.”