மா என்றால் வருபவை

பல் மருத்துவர் வீட்டு மாடியில் குடியிருந்த குழந்தை முதன்முதலாக ‘மா’ என்று சொன்னபோது, படியேறி ஒரு குதிரை வந்தது. பழுப்புக் குதிரை, சேணம் இல்லை. குழந்தையின் பெற்றோர் இருவருக்கும் நீதிமன்றத்தில் ஒருவர் பேசுவதை வேறு மொழியில் எடுத்துச் சொல்கிற வேலை. அதனால் விஷயம் உடனே புரிந்தது: சீன மொழியில் அந்தச் சொல் குதிரையையும் குறிக்கும். புரிந்ததால் தொல்லை குறையவில்லை. குதிரைக்குப் படியேறத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை குழந்தை ‘மா’ என்றது. விட்டத்திலிருந்து மாவு கொட்டியது. மாலையில் மறுபடி சொன்னது. அரபியில் தண்ணீர் என்பதால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. காலை மாவை இன்னும் பெருக்கியிருக்கவில்லை, ஆகவே தரை முழுக்கப் பசை. தண்ணீர் தளம் வழியே ஒழுகி, கீழே நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளி, மருத்துவர் சொல்வதற்கு முன்பே கொப்பளித்தார். இத்தாலிய மொழியில் ‘ஆனால்’ என்று பொருள். அது வந்த நாளில் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் ‘ஆனால்’ என்பதில் போய் நின்றது. தரையைத் தானே துடைத்துவிடுவதாக ஆரம்பித்த கணவன் அந்த இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டான்.

துடைத்தவள் தாய். துடைப்பதுகூட அவளுக்குப் பெரிதில்லை. அந்தச் சொல்லின் பொருள்களில் அவளும் ஒருத்தி. குழந்தை பிறந்த நாளிலிருந்து அதற்காகக் காத்திருந்தவள். கூப்பிட்டால் உலகத்தில் உள்ளதெல்லாம் வந்தது, அவள் முறை மட்டும் வரவில்லை. போதாக்குறைக்கு, குழந்தை இப்போதெல்லாம் ‘மா’ என்று சொல்லிக் குதிரையிடம் கையை நீட்டியது.

ஒரு பிற்பகல் பல் மருத்துவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். அவர் கண்ணெதிரே குழந்தை ‘மா’ என்றது. பெற்றோர் இருவரும் துடைப்பமும் கையுமாக நின்று, பேசாமல் அதன் வாயைப் பார்த்தார்கள். அது தொழில் பழக்கம். சாட்சி வாக்கியத்தை முடிக்கும்வரை அவர்கள் வாய் திறக்கக் கூடாது. சின்னச் சொல் என்றால் அடுத்த சொல் வந்த பிறகுதான் அதன் பொருள் நிச்சயம். வீட்டிலும் அப்படியே அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் மேலேயிருந்து மாவு உதிர ஆரம்பித்தது.

“ஏங்க, குழந்தை கூப்பிடுது. ரெண்டு பேரும் அது வாயையே பாத்துட்டு நிக்கிறீங்க?”

“வாக்கியம் இன்னும் முடியல டாக்டர்,” என்றாள் தாய்.

“அதுக்கு இருக்கறதே ரெண்டு பல்லு, அதை வச்சுட்டு வாக்கியம் வேற பேசணுமா? வீட்டுல ஒருத்தரும் ஏன்னு கேக்கலன்னா, கேக்கறவங்க எங்கிருந்தாவது வரத்தான் செய்வாங்க.”

தலையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டு அவர் இறங்கிப் போனார்.

அடுத்த முறை குழந்தை வாயை மூடுவதற்குள் அவள் துடைப்பத்தைப் போட்டாள். “என்னடா கண்ணு, இதோ வந்துட்டேன்.” பொருள் நிச்சயமாகாமல் அவள் பேசியது அதுவே முதல் தடவை. விட்டம் சற்றுநேரம் காத்திருந்துவிட்டுச் சும்மா இருந்தது. குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

அதன்பின் பெரிய தொல்லை இல்லை. அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் கொஞ்சம் மாவு விழும். அதற்கென்று ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். குதிரை கூடத்திலேயேதான் இருக்கிறது. ‘மா’ என்று கேட்டதும் அவளும் குதிரையும் சேர்ந்து திரும்புவார்கள். “உன்னை இல்ல, தள்ளு,” என்று அதை இடித்துக்கொண்டு அவள் ஓடுவாள். சில நாட்கள் குதிரை முந்திவிடும்.