விட்டுப்போன சாட்சி

வரலாற்று டீச்சர் அந்தக் கொலை வழக்கைப் பதினோரு வருஷமாகப் பாடம் நடத்திவருகிறாள். எஜமானிக்கு விஷம் வைத்ததாக ஒரு வேலைக்காரியை நூறு வருஷத்துக்கு முன் தூக்கிலிட்ட வழக்கு. பாடம் முடிந்ததும் வகுப்பே தீர்ப்புச் சொல்ல வேண்டும். எப்போதும் பாதிக்குப் பாதி பிரியும். சாப்பாட்டு நேரம் வரை சண்டை ஓயாது.

“தூக்கு வேணும்கறவங்க கை தூக்குங்க.”

“தூக்குக்கே தூக்கணுமா டீச்சர்?” என்றான் கடைசி பெஞ்சு வாயாடி. சிரிப்பு அடங்குவதற்குள் முப்பத்திமூன்று பேரில் முப்பத்திரண்டு கைகள் எழுந்துவிட்டன.

டீச்சர் கைகளை மறுபடியும் எண்ணிப் பார்த்தாள்.

கை தூக்காதவள் முதல் பெஞ்சுக்காரி. “எங்க அக்கா நோட்டுல இன்னொரு சாட்சி இருக்கு டீச்சர். மருந்துக் கடைக்காரர். விஷம் வாங்கினது அந்த வீட்டு மருமகன்தான்னு, அவளத் தூக்குல போட்டப்புறம் சொன்னாராமே. நீங்க சொல்லவேயில்ல.”

மறந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மறக்கவில்லை. அந்த இடம் வந்தபோது நாக்கு தானாகத் தாண்டிப் போயிருந்தது. டீச்சரின் தம்பியைக் குத்திக் கொன்றவனின் தாய் நேற்றுக் கொடுத்த கருணை மனு அவள் கைப்பையில் கிடந்தது. செத்தவனின் அக்காவே கையெழுத்துப் போட்டால் தூக்கு ஆயுள் தண்டனையாக மாறலாம். இன்றுதான் கடைசி நாள்.

“தப்பு என்னோடதுதான்” என்றவள், விட்டுப்போன சாட்சியை முழுக்கச் சொன்னாள். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

“ஐயோ, கொன்னுட்டோமே டீச்சர்” என்றான் வாயாடி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஆசிரியர் அறையில் மனுவை விரித்துப் பேனாவைத் திறந்தாள். வேலைக்காரிக்காவது ஒரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். இவனுக்கு யார்? ‘ஆமா, நான்தான்’ என்று கோர்ட்டில் அவனே ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதான். அழுததை மட்டும் அவள் வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது தனக்கே சொல்லிப் பார்த்தாள். அப்படியும் பேனா நகரவில்லை.

பள்ளிக்கூட வாசலில் அவனைப் பெற்ற அம்மாள் வெயிலில் காத்திருந்தாள்.

“என்னால போட முடியலம்மா.”

அந்த அம்மாள் காகிதத்தை வாங்கி நான்காக மடித்துக்கொண்டாள். “தெரியும்மா. எம்புள்ள செஞ்சது அப்படி.” டீச்சரின் முகத்தைப் பார்த்து, “ஏதாச்சும் சாப்ட்டீங்களா?” என்றாள்.

டீச்சர் இல்லையென்று தலையாட்டினாள். அந்த அம்மாள் சாலையைக் கடந்து மெதுவாக நடந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். டீச்சர் கூப்பிடவில்லை.