குங்குமம் அடைத்த காற்று

புருஷன் வாயில் குங்குமத்தை அடைத்துத் தண்ணீருக்குள் அனுப்பியவள் என்று எனக்கு ஊரில் ஒரு பேர் கிடைத்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்க்கிறாள். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவைச் சொல்வதற்கு முன்னால், "அது நெஜமா ரேவதி?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? நிஜம் என்றுதான் நானும் நம்பினேன்.

என் வீட்டுக்காரர் ஆனந்தராஜ் முசரவாக்கத்து விவசாயக் குடும்பம். கடலே இல்லாத காஞ்சிபுரத்தில் முக்குளிக்கிற வேலை பார்க்கிறவர். அந்தமானில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கடியில் மீன் காட்டக் கூட்டிப்போகும் கம்பெனியில் இருந்தார். கம்பெனியை மூடியபோது ஒரு செட்டை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர், ஜாக்கெட், கண்ணாடி, வாயில் கவ்விக்கொண்டு மூச்சு விடும் ரெகுலேட்டர். கடல் இல்லாவிட்டால் என்ன, கிணறும் ஏரியும் கல்குவாரிப் பள்ளமும் இருக்கின்றனவே. உள்ளே விழுந்த மோட்டாரை எடுப்பார். விழுந்த மனுஷரையும் எடுப்பார். பிணம் எடுத்த நாளில் சாப்பாடு போடச் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன்.

அந்த செட்டுக்கு எங்கள் மகள் தாராவின் வயசு. தாராவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. செட்டை மட்டும் அவர் யாரையும் தொட விடுவதில்லை. ஆயுத பூஜை அன்று மட்டும் அது என் கைக்கு வரும். இந்த ஊரில் அன்றைக்குப் பொட்டு வைக்காத பொருள் கிடையாது. தறிக்கு வைப்பார்கள், ஆட்டோவுக்கு வைப்பார்கள், கம்ப்யூட்டருக்குக்கூட வைப்பார்கள். நான் என் தையல் மிஷினுக்கும் மிக்சிக்கும் வைத்த கையோடு சிலிண்டருக்கும் ரெகுலேட்டரின் வட்ட மூடிக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக அழிய வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவரும் அதை மீறியதில்லை.

பூஜை முடிந்த வாரமே தாமலிலிருந்து ஆள் வந்தது. ஏரி நிரம்பியிருந்தது. மதகில் அடைத்த ஆகாயத்தாமரையை இழுத்துவிடப் போன தேவேந்திரன் என்பவர் காலையில் வழுக்கி உள்ளே போனவர், மேலே வரவில்லை. சிலிண்டரைத் தூக்க ஒரு கை வேண்டுமே என்று நானும் கூடப் போனேன். கரையில் தேவேந்திரன் பெண்டாட்டி மஹாலட்சுமி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். உயிர் இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். உடம்பையாவது பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் உள்ளே போனார். போன வேகத்தில் மேலே வந்தார். ரெகுலேட்டரைப் பிடுங்கி எறிந்தார், இருமினார், கரையில் கையை ஊன்றிக் குனிந்தார். உதட்டிலும் மோவாயிலும் சிவப்பாக ஒழுகியது. ரத்தம் என்று நினைத்து நான் கத்திவிட்டேன்.

"ரத்தம் இல்ல, உன் குங்குமம்!" என்றார் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. "காத்தே வரல. பொட்டு வெக்கிறேன் பொட்டு வெக்கிறேன்னு மூடிக்குள்ள அப்பி வெச்சிக்கிறா. அடைச்சிக்கிச்சி."

தாமல் ஊர்ப் பெரியவர் சபாபதி கேட்டார். "ஆளு தெரிஞ்சாராப்பா?"

"அடியில ஒண்ணும் இல்லண்ணா. நடுவுக்கு இழுத்துக்கினு போயிருக்கும்."

மறுபடி இறங்க மாட்டேன் என்றுவிட்டார். கெட்டுப்போன கருவியோடு எந்த மடையன் இறங்குவான்? யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். துண்டை வைத்துக்கொண்டு நின்ற நான், அதை அவரிடம் கொடுக்கவும் கை வராமல், அப்படியே நின்றேன். மஹாலட்சுமியும் என்னைப் பார்த்தாள். பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று சும்மா சொல்வதில்லை. அரசாங்கத்து ஆட்கள் வந்து, தண்ணீரில் மிதந்து வந்த உடம்பை எடுத்தபோது மறுநாள் விடிந்துவிட்டிருந்தது.

அதற்கப்புறம் நான் வெட்கத்தில் செத்தேன். வீட்டில் ஒரு பொருள் விடாமல் தேய்த்துப் பொட்டை அழித்தேன், மிக்சியில்கூட. பக்தியாம் பக்தி! ஒருத்தியின் புருஷனை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடத்திய பக்தி. என் வீட்டுக்காரர் அதே மூச்சுத் திணறலில் உள்ளேயே போயிருந்தால் என்று நினைக்கும்போது தையல் மிஷின் மிதிப்பதை நிறுத்திவிடுவேன். அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. திட்டாத புருஷனுக்கு இரண்டு தோசை சேர்த்து வார்த்தேன்.

ஒரு நாள் சபாபதி வீட்டுக்கு வந்தார்.

"ஆனந்தா, எங்க ஊருக்கு எத்தினி வாட்டி எறங்கிக்கிற. இனிமே இந்தப் பழச நம்பி நீ எறங்கக் கூடாது. ஊர்ல பேசிட்டோம். புது செட்டு வாங்கித் தரோம். ஞாயித்துக்கெழமை ஏரிக்கரைக்கு வந்து வாங்கிக்கோ. பழசையும் எடுத்துக்கினு வாப்பா, ஜனங்க பாக்கட்டும்."

என் வீட்டுக்காரர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. சபாபதி போனதும், "பழச காயலாங்கடையில போட்டுடலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளைக்கூடத் தொட விடாத செட்டு.

"ஏன் போடணும்? குங்குமம்தானே அடைச்சிக்கிது? கழுவினா போவாதா? அந்தமான்ல கழட்டி மாட்டினவருதானே நீங்க."

"பழசாயிடிச்சிமா. விடு."

"விட மாட்டேன். எவ்ளோ உள்ள போயிருக்குதுன்னு நான் பாக்கணும். என் கையால வெச்சது."

பிடிவாதத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கோவளம் பக்கம் டைவிங் சாமான் விற்கிற கடை ஒன்று இருப்பதாகத் தாரா போனில் தேடிச் சொன்னாள். வண்டியின் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன்.

கடையை நடத்துகிறவள் பேர் எஸ்தர். தலைமுடியைக் கத்தரித்துக்கொண்ட, சிரித்த முகக்காரி. நான் வெட்கத்தை விட்டுக் குங்குமக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே ஒரு ரப்பர் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மூடிக்கு மேலயும் ஓட்டையிலயும் கொஞ்சம் இருக்குக்கா. அதுதான் தண்ணி பட்டு வாய்ல ஒழுகிருக்கும். இந்த ரப்பருக்கு அந்தப் பக்கம்தான் காத்து வர்ற வழி. அங்க ஒரு துளிகூட இல்ல, பாருங்க."

பார்த்தேன். வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது.

அவள் அதை மாட்டி, ஒரு சிலிண்டரில் பொருத்தி, தன் வாயிலேயே கவ்வி மூச்சு விட்டுப் பார்த்தாள். அளக்கிற கருவி ஒன்றையும் பொருத்தினாள். "செம்ம கண்டிஷன். ரெண்டு வாஷர் மாத்தினா போதும், தாராளமா ஓடும். ஹோஸ் பைப்ல லேசா வெடிப்பு வருது, அதையும் மாத்திடலாம். இத எதுக்கு சார் ரீப்ளேஸ் பண்றீங்க? அன்னிக்கு எவ்ளோ ஆழத்துல கட் ஆச்சு?"

அவர் கடைக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க என்னாலும் முடியவில்லை. மாற்ற வேண்டியதை மாற்றச் சொல்லிவிட்டு, ஒரு நல்ல குடும்பம் மாதிரி நன்றி சொல்லி வெளியே வந்தோம்.

திருப்போரூர் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க ஆடத் தெரிஞ்சவராச்சே. உங்களுக்கு என்ன கேடு?"

டீ கிளாசைப் பார்த்தபடி சொன்னார். "காத்து நல்லாத்தான் வந்துச்சி ரேவதி. மதகு கம்பியில சட்டை மாட்டிக்கினு இருந்தாரு. இருட்டு. தடவிக்கினே போனேன். அவரு கை வந்து என் கையில உழுந்துச்சி. எத்தினி பேர எடுத்துக்கிறேன். அன்னிக்கு என்னமோ, என் கைய புடிச்சாப்பல இருந்துச்சி. ஒதறிட்டு ஓடியாந்துட்டேன். மேல வந்தா அம்மாம் ஜனம். பயந்துட்டேன்னு எப்பிடி சொல்றது? வாய்ல செவப்பா இருந்திச்சி. அதச் சொல்லிட்டேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்திருந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீயை அவர் தலையில் ஊற்றியிருக்க வேண்டும். ஆனால் அவர் தேவேந்திரனைத் தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஞாயித்துக்கெழம நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். புதுசை வாங்கிக்கொண்டால் ஊரை ஏமாற்றியவர். பழசு நன்றாக இருக்கிறது என்றால் பயந்து ஓடிவந்தவர். இரண்டில் ஒன்று.

"அத நீங்கதான் சொல்லணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவராகச் சொல்லட்டும், அத்தனை பேர் முன்னால் போன என் பேர் அத்தனை பேர் முன்னால் திரும்பி வரட்டும் என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மேஜை மேல் புதுப் பெட்டி. பக்கத்தில் எங்கள் பழைய செட்டு. சபாபதி அவருக்குச் சால்வை போர்த்தினார். பேசினார். பேச்சின் முடிவில் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா ரேவதி, இந்தப் புதுசுக்காவது பொட்டு வெக்காத விட்டுடு, இன்னா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். என் புருஷன். சால்வையோடு நின்று, பல் தெரியச் சிரித்தார். சொல்லப்போவதில்லை என்று தெரிந்துகொண்டேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்த மஹாலட்சுமி எழுந்து வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. என் தோளில் கை வைத்தாள்.

"சிரிக்காதீங்க. அக்கா நல்லது நெனச்சித்தான் வெச்சாங்க. எனக்கு அக்கா மேல கோவம் ஒண்ணும் இல்ல" என்றாள். என்னிடம் குனிந்து, "நீ கலங்காதக்கா" என்றாள்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. சால்வையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"புதுசு வேணாண்ணா. இது நல்லாத்தான் இருக்குது. அன்னிக்கும் நல்லாத்தான் இருந்திச்சி." பழைய சிலிண்டர் மேல் கை வைத்தார். "குங்குமம் அடைக்கல. அவ மேல தப்பில்ல. நான் தேவேந்திரன் கையத் தொட்டேன். மதகுலதான் இருந்தாரு. பயந்துக்கினு விட்டுட்டு வந்துட்டேன். நடுவுக்குப் போயிருப்பாருன்னு சொன்னது பொய்."

என் முதுகு தானாக நிமிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. வரிசையில் திரும்பிப் பார்த்தவர்கள், அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். மஹாலட்சுமியின் கை இன்னும் என் தோளில் இருந்தது.

"மதகுலயாண்ணா இருந்தாரு?" என்று அவள் கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. "நடுவுல இருக்காருன்னு நீங்க சொன்னதால நான் அந்தக் கரைக்குப் போயிட்டேனே. ராவெல்லாம் அங்க ஒக்காந்து நடு ஏரியப் பாத்துப் பேசிக்கினு இருந்தேன். இங்கதான் இருக்காருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இங்கயே பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்திருப்பேனே."

அவள் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

நிமிர்ந்த என் முதுகை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு என்ன போனது என்று நினைக்காமல் எனக்கு என்ன வந்தது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவர் சிலிண்டரைத் தூக்கினார். நான் பையை எடுத்துக்கொண்டேன். புதுப் பெட்டியைச் சபாபதி ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. மஹாலட்சுமி இருந்த பக்கம் பார்க்காமல் இரண்டு பேரும் கரையை விட்டு இறங்கினோம்.