நூறு ரூபாய் வெட்டு

…குறைக்கச் சொன்னது குறைப்பதற்காக அல்ல, இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஆனால் எப்படிச் சொல்வது, வாயைச் சுற்றிச் சோப்பு நுரை, தொண்டைக்குழியில் நல்லக்கண்ணுவின் சவரக் கத்தி, இந்த நேரம் பார்த்தா இவன் கேட்க வேண்டும், "அண்ணாச்சி, நம்மூர் ஆசுபத்திரிப் பணத்துல நூறு ரூவாயக் கொறைங்கன்னு சட்டசபையில நீங்களே எழுதிக் குடுத்தியளாமே, பேப்பர்ல போட்டுருக்கான்," என்று. சிவனணைந்தபெருமாளால் "ம்" என்றுதான் சொல்ல முடிந்தது, அதுவும் மறுப்பாகச் சொன்ன "ம்", நல்லக்கண்ணு அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, "அப்ப நெசந்தான்," என்று பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் தெரிவித்துவிட்டான். பெஞ்சு முழுவதும் அவரைப் பார்த்தது. கண்ணாடியில் நுரையோடு ஒரு முகம், சட்டசபை உறுப்பினரின் முகம், கருப்பட்டி மண்டிக்காரனின் முகம், எது என்று அவருக்கே நிச்சயமில்லை… பட்டணத்திலேயே சவரம் செய்துகொண்டு ரயிலேறியிருக்கலாம், யார் வேண்டாம் என்றார்கள்?

கோட்டையில் பக்கத்து இருக்கைக்காரர் அன்று எவ்வளவு தெளிவாகச் சொன்னார், பட்ஜெட்டில் ஒவ்வொரு இலாகாவுக்கும் இவ்வளவு பணம் என்று மந்திரி கேட்பார், அப்போது நீர் எழுந்து பேச வேண்டுமானால் அதில் நூறு ரூபாயைக் குறை என்று ஒரு வெட்டுப் பிரேரணை எழுதிக் கொடுக்க வேண்டும், யாரும் குறைக்கப் போவதில்லை, அது பேசுவதற்கு ஒரு சாக்கு. கூடக் கொடு என்று கேட்க, குறைத்துக் கொடு என்று எழுத வேண்டுமா? மண்டியில் ஒருவன் அப்படிப் பேசினால் வெயிலில் நின்றிருக்கிறான் என்று மோர் கொடுத்து உட்கார வைப்போம், சட்டசபையில் அதற்கு விதி எண் இருக்கிறது. வீட்டில் மனைவி சீனித்தாயிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது விளக்கிப் பார்த்தார், அவள் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டாவது தோசை வேண்டாம்னு சொன்னா மூணாவதையும் சேத்துப் போடணுமா," என்றாள், அதோடு விளக்குவதை விட்டுவிட்டார்.

கத்தி காதோரம் போயிற்று, இப்போது பேசலாம், "ஏலே, அது கொறைக்கதுக்கு இல்லலே," என்று தொடங்கினார், அதற்குள் வாசலில் விக்டோரியா. கடற்கரைத் தெருவில் மீன் ஏலம் கூறுகிறவள், தேர்தலின்போது அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள், பெண்கள் எட்டிப் பார்க்காத சலூன் வாசலில் கூடையை இறக்கிவிட்டு உள்ளே வந்தே விட்டாள், பெஞ்சிலிருந்தவர்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். பிரசவ வார்டுக்கு ஒரு டாக்டரம்மா வேண்டும் என்று ஓட்டுக் கேட்கப் போன அன்றே பிடித்துக்கொண்டவள் இவள்தான், அவள் மகள் ஆண் டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் வலி நின்றுபோய் வீட்டுக்கு வந்து, அங்கே செத்துப் பிழைத்துப் பெற்றாள். திட்டப் போகிறாள், திட்டட்டும், நுரை இருக்கும்வரை முகம் சிவப்பது தெரியாது…

அவள் திட்டவில்லை. முந்தானையிலிருந்து ஒரு கைக்குட்டை மூட்டையை அவிழ்த்து அவர் மடியில் வைத்தாள், சில்லறை கனத்தது, மீன் வாடை. "நூறு இருக்கு அண்ணாச்சி. தெருவுல பொம்பளைய எல்லாரும் போட்டோம். சர்க்காருக்கு அம்புட்டுக் கஷ்டம்னா இத வச்சுக்கிடச் சொல்லுங்க, ஆசுபத்திரியில கைய வைக்க வேண்டாம்."

யாரோ சிரிக்கப் போய் இருமினார்கள். அவர் மூட்டையை அவள் பக்கமே நீட்டினார். "இல்லம்மா… நூறு ரூவா கொறையல. நான் அத வாபஸ் வாங்கிட்டேன்."

"தேவமாதாவே, நல்லது. அப்ப டாக்டரம்மா எப்ப வாராவ?"

வாபஸ் என்றால் டாக்டரம்மாவும் வாபஸ் என்று எப்படிச் சொல்வது? சபையில் பேச எழுந்தவரைக் கட்சி உறுப்பினர்களை மேய்க்கிற கொறடா பின்னாலிருந்து துண்டைப் பிடித்து இழுத்தார், நம் மந்திரிசபை, நம் ஆட்களே வெட்டுக் கொடுக்கலாமா, வாபஸ் வாங்கும் என்றார், கட்டுப்பாடு, கட்சிக்குக் கட்டுப்படுகிறவன்தானே தொண்டன், இதையே ரயிலில் மணியாச்சி வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார், நன்றாகத்தான் இருந்தது. "அடுத்த வருசம் பேசுவேன்," என்றார்.

"என்னன்னு பேசுவிய? இங்கன ஒருக்காச் சொல்லுங்க, கேப்போம்."

நல்லக்கண்ணு கத்தியை மடக்கிவிட்டான். ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரையுமாகச் சிவனணைந்தபெருமாள் எழுந்து நின்றார், சபாநாயகர் அவர்களே என்று வாய் வரை வந்ததை விழுங்கினார். "எங்க ஊர் ஆசுபத்திரிக்கு ஒரு டாக்டரம்மா வேணும். பொம்பளைய சாகாம பிள்ள பெறணும்." அவ்வளவுதான், மேற்கொண்டு ஒன்றும் இல்லை.

"அம்புட்டுத்தானா?" என்றாள் விக்டோரியா, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "இதச் சொல்லவா நீங்க நூறு ரூவாயக் கொறைக்கச் சொன்னிய?" காசை அவரிடமே விட்டுவிட்டு, செலவுக்கு வச்சுக்கிடுங்க, பட்டணம் போகணும்லா என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

உட்கார்ந்தார், நல்லக்கண்ணு மறுபடி பிரஷ்ஷை நனைத்தான். ஒரு மூச்சில் சொல்லி முடிகிற பேச்சு, கொறடா இழுப்பதற்குள் மூன்று தடவை சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது, அத்தனை தலைகளும் திரும்பியது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பிறகு துண்டு இழுபட்டது… இல்லை, அதற்கு முன்னால் ஒன்று இருந்தது, நின்றபடியே அவர் பின்னால் திரும்பிக் கொறடாவைப் பார்த்தார். எதற்காகப் பார்த்தார்? துண்டை இழுத்துவிட மாட்டாரா என்றா?