மாறுதல் கவுன்சிலிங்

எழிலரசி பொய் சொல்லவில்லை. "வியாழக்கிழம சிதம்பரத்துல கவுன்சிலிங் இருக்கு, போய்ட்டு வந்துடுறேன்" என்றுதான் கணவனிடம் சொன்னாள். அரசுப் பள்ளி டீச்சர் வாயில் கவுன்சிலிங் என்று வந்தால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம், இடமாறுதல். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அறிவழகன் "ம்" என்றதோடு சரி. சாயங்காலம் தன் அம்மாவிடம், "எழிலுக்கு மாறுதல் கவுன்சிலிங்மா" என்று அவன் சொல்வது சமையலறை வரை கேட்டது.

அவளுக்கு நிம்மதியும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. மாறுதல் கவுன்சிலிங் கோடை லீவில் நடப்பது, அதுவும் கடலூரிலேயே நடப்பது. இப்போதுதான் பொங்கல் கழிந்திருக்கிறது. டீச்சரைக் கட்டி இத்தனை வருஷம் ஆகியும் இந்த மனுஷனுக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தாள். தெரியாதவரை நல்லது என்று விட்டும் விட்டாள்.

அவளுடைய சித்தி மகள் ஒருத்தி மனநல டாக்டரைப் பார்த்தாள் என்று தெரிந்த வாரமே, புகுந்த வீட்டார் அவளைப் பெட்டியோடு கொண்டுவந்து தாய்வீட்டில் விட்டார்கள். பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எழிலரசிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பயம் அதுதான்.

இத்தனைக்கும் அவளுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. ஒரு வருஷமாக அழுகை மட்டும் வருகிறது. பள்ளிவிட்டு வந்ததும் பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுது முடிப்பாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தோசை ஊற்றுவாள். போன மாதம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதே கண் கலங்கிவிட்டது. கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் கப்சிப் ஆகிவிட்டார்கள். அன்றைக்குத்தான் இதை இனி மறைக்க முடியாது என்று புரிந்தது. கடலூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் "வணக்கம் டீச்சர்" என்று ஒரு குரல் வரும். அதனால் சிதம்பரம்.

மேல வீதியில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அறை. மனநலக் கவுன்சிலர் பிரிசில்லாவுக்குத் தன்னைவிட வயது குறைவு என்பதே எழிலரசிக்கு ஒரு மாதிரி இருந்தது. உட்காருவதற்கு முன்னாலேயே கேட்க ஆரம்பித்தாள்.

"மாத்திர குடுப்பீங்களா?"

"நான் குடுக்க மாட்டேன். தேவைன்னு தோணுச்சுன்னா டாக்டர்கிட்ட போகச் சொல்வேன். இங்க பேசுறது மட்டும்தான்."

"வீட்டுக்குத் தெரிஞ்சிடுமா?"

"உங்க உயிருக்கோ வேற யாரு உயிருக்கோ ஆபத்துன்னாத்தான் வெளிய சொல்வேன். மத்தபடி இந்தக் கதவத் தாண்டாது."

"எனக்குன்னு பெரிய கஷ்டம் எதுவும் இல்ல மேடம். என்ன மாதிரி ஆளுங்கல்லாம் வரலாமா?"

பிரிசில்லா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். "இங்க வர்றதுக்கு எத்தன நாளா யோசிச்சீங்க?" என்று கேட்டாள்.

"தீபாவளில இருந்து."

"அவ்ளோ நாள் யோசிச்சு, பஸ் ஏறி வந்திருக்கீங்க. பேசலாம், உக்காருங்க."

எழிலரசி உட்கார்ந்தாள். குழாயைப் பற்றிச் சொன்னாள். அழத் தயாராக வந்திருந்தாள், ஆனால் அழுகை வரவில்லை. கிளம்பும்போது பிரிசில்லா, ஒரே நாளில் சரியாகிவிடாது, கொஞ்ச காலத்துக்கு வாரம் ஒரு முறை வந்தால் நல்லது என்றாள்.

அங்கேதான் சிக்கல். மாறுதல் கவுன்சிலிங் வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பது. அதை வாராவாரம் நடத்தினால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்வரை வேறு பொய் தேடிப் பார்த்தாள். ஆலப்பாக்கம் வந்தபோது அலுத்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுவது, பிறகு ஆனது ஆகட்டும் என்று முடிவு செய்தாள்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் அறிவழகன் பைக்கோடு நின்றான். வண்டியில் ஏறாமலே சொன்னாள்.

"இது மாறுதல் கவுன்சிலிங் இல்லைங்க."

"தெரியும்," என்றான். "தை மாசத்துல ஏது மாறுதல்? அம்மா கேட்டா எதையாவது சொல்லணும்ல, அதான் அப்பிடிச் சொன்னேன்."

"எப்பருந்து தெரியும்?"

"நீ குழாயத் தெறந்து உட்டுடுற. மொட்ட மாடி டேங்க் தெனமும் காலியாவுது. மோட்டார் போடுறது யாரு?"

ஒரு வருஷமாகத் தண்ணீர் தீராமல் வந்தது எப்படி என்று அவள் யோசித்ததே இல்லை. கோபம்தான் முதலில் வந்தது.

"தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்த கேக்கலியே நீங்க."

"கேட்டா நீ சொல்லுவ. அதுக்கு மேல நான் என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல," என்றான், வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டே.

"அடுத்த வியாழக்கிழமயும் போவணும்."

"போ. அம்மாகிட்ட செகண்ட் ரவுண்டுன்னு சொல்லிக்கலாம்."

எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. பக்கத்தில் குழாய் எதுவும் இல்லை. பண்ருட்டி பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் பார்க்கப் பார்க்க, அப்படியே நின்று அழுதாள்.