பதினான்கு நிமிடத் தாரை

பாத்திரம் காலியாகிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது.

அந்த வைத்தியசாலையில் நெற்றியில் எண்ணெய்த் தாரை விடுவது அவள் வேலை. அடியில் துளையிட்டுத் திரி தொங்கவிட்ட பாத்திரம், நெற்றிக்கு நான்கு விரற்கடை மேலே. அது காலியாக இருபது நிமிடம் பிடிக்கும். நிறைந்திருக்கும்போது கொஞ்சம் வேகம், குறையக் குறைய நிதானம். ஏழு வருடமாக இதில் மாற்றமில்லை. ஒரு வாரமாகத்தான், நூலாக இறங்க வேண்டியது கயிறாகக் கொட்டுகிறது.

கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் எழுந்து நெற்றியைத் தடவினார். சிவந்திருந்தது. தூக்கம் வரவில்லை என்று வந்தவருக்கு இப்போது எரிச்சலில் கண்ணையே மூட முடியவில்லையாம். நேரே டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். இன்னொரு புகார் வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று டாக்டரம்மா அவளிடம் கறாராகச் சொன்னாள்.

துளையைச் சோதித்தாள்; பெரிதாகவில்லை. திரியும் புதிது. மிச்சம் எண்ணெய்தான். நீர்த்த எண்ணெய் எதையாவது கலந்தால் இப்படித்தான் ஓடும்.

எண்ணெயைச் சூடாக்கித் தருவது பின்னறையில் அவளுடைய அண்ணன். அவரை இங்கே சேர்த்துவிட்டதே அவள்தான். ஒரு வாரமாகக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். கேட்டால், திறந்து வைத்தால் எண்ணெயில் தூசி விழும் என்கிறார். இத்தனை வருடம் அந்தத் தூசி எங்கே போயிருந்தது?

மதியம் அவர் சாப்பிடப் போனதும், புது டின்னைத் திறந்து ஒரு டம்ளரும், காலையில் மிஞ்சி ஆறிப்போனதில் ஒரு டம்ளரும் எடுத்து, அதே பாத்திரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விட்டாள். இரண்டுக்கும் ஒரே நேரம். நொடி பிசகவில்லை.

எண்ணெயில் குற்றமில்லை. அப்படியானால் சூடு. சூடேறினால் எண்ணெய் இளகி ஓடும். ஆனால் விரல் வைத்துப் பார்க்காமல் அண்ணன் அனுப்பவே மாட்டாரே. அதை நம்பித்தான் அவள் தொட்டுப் பார்ப்பதில்லை. வேண்டுமென்றே செய்கிறாரா? போன மாதம்தான் அண்ணி, எனக்கும் அங்கே ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். தன்னைக் கிளப்பிவிட்டு அண்ணியை உட்கார வைக்கவா?

மறுநாள் அவர் தாழிடுமுன் உள்ளே நுழைந்தாள். அண்ணன் அடுப்பை அணைத்து, எண்ணெயில் விரலை விட்டார்.

"இதமா இருக்கு. எடுத்துட்டுப் போ."

அவளும் விரலை வைத்தாள். சுரீரென்றது. உதறிக்கொண்டு பார்த்தால், அவர் விரல் இன்னும் எண்ணெய்க்குள்ளேயே இருந்தது. பிடித்து வெளியே இழுத்தாள். நுனியெல்லாம் கொப்புளம்.

"எத்தனை நாளாண்ணே?"

"ஒரு வாரமா சுத்தமா உணர்ச்சி இல்லம்மா. சர்க்கரை. குத்துமதிப்பா ஓட்டிட்டிருந்தேன். சொன்னா வேலை போயிடும்ல."

"சொல்லலன்னா என் வேலை போகும். அந்த வாத்தியார் நெத்தியும் போகும்."

டாக்டரம்மாவிடம் அவரே சொல்கிறாரா என்று கேட்டாள். அண்ணன் விரல்களைத் துணியில் சுற்றிக்கொண்டே யோசித்தார்.

"நீயே சொல்லிடு. நான் சொன்னா பாதியை முழுங்கிடுவேன்."

எண்ணெயை ஆறவிட்டு அவள் டாக்டரம்மா அறைக்கு நடந்தாள். அண்ணன் பின்னாலேயே வந்தார்.